ஒரு முழத்துக்கு ஒரு முழம்: அல்-குவாரிஸ்மி கணக்கைத் தொடங்கிய இடம்

வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, செவ்வகத்தின் பரப்பளவு என்ன என்று கேட்டுப் பாருங்கள். நீளம் பெருக்கல் அகலம் என்று மூச்சு விடாமல் சொல்லிவிடும். அடுத்து இன்னொன்று கேளுங்கள். பக்கத்துக்கு ஓர் அடி உள்ள டைல்ஸ் ஒன்று கிடக்கிற இடத்தில், பக்கத்துக்கு அரை அடி உள்ள சின்ன டைல்ஸ் எத்தனை பதிக்கலாம்? பிள்ளை இரண்டு என்று சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம். அருகில் இருக்கிற பெரியவர்களும் சில நேரம் இரண்டு என்றுதான் சொல்கிறார்கள். விடை நான்கு.

சூத்திரம் நாவில் இருக்கிறது, பொருள் மனதில் இல்லை. பள்ளிக்கூடத்தையோ ஆசிரியரையோ குறை சொல்வதற்காக நாம் இதை எழுதவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் இருந்த ஒரு முஸ்லிம் அறிஞர், நில அளவைப் பாடத்தைத் தொடங்கியபோது, சரியாக இந்த இடத்தில்தான் தொடங்கினார். அவர் பெயர் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி. அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அவர் கணக்கைச் சொல்லிக்கொடுத்த விதத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. அதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

அல்-குவாரிஸ்மி என்றால் குவாரிஸ்மைச் சேர்ந்தவர் என்று பொருள். அது ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள பகுதி. அதன் பழைய நகரமான கீவா இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. அவர் பிறந்தது சுமார் 780ஆம் ஆண்டு, அதாவது ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கலீஃபா அல்-மன்சூர் 762இல் பக்தாத் நகரை வட்ட வடிவில் கட்டத் தொடங்கி அப்போது இருபது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. அல்-குவாரிஸ்மியின் இளமைக் காலத்தில் ஹாரூன் அல்-ரஷீத் ஆட்சி செய்தார். அவருக்குப் பின் மகன்கள் அமீனும் மஃமூனும் சண்டையிட்டுக் கொண்டதில் பக்தாத் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்து பாழானது. மஃமூன் 813இல் கலீஃபாவாகி, 819இல் பக்தாத் வந்து சேர்ந்தார். 833இல் மரணமடையும் வரை அவர் ஆட்சிதான். அல்-குவாரிஸ்மியின் பேர்பெற்ற நூல்கள் பெரும்பாலும் இந்தக் காலத்தில் எழுதப்பட்டவை.

மஃமூன் அறிவை நேசித்தவர். பைத்துல் ஹிக்மா என்ற அறிவு இல்லம் அவர் காலத்தில் செழித்தது. கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அங்கே அரபுக்கு வந்தன. அல்-குவாரிஸ்மி அங்கே பணிபுரிந்தவர். இதே மஃமூன்தான் தம் இறுதிக் காலத்தில் குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையை உலமாக்கள் மீது திணித்தார் என்பதையும், இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் விலங்கிடப்பட்டதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பொற்காலம் என்று நாம் எழுதுகிற காலத்திலும் இரண்டும் இருந்தன.

அந்தக் காலத்தில் நிலத்தின் பரப்பளவு தெரிவது ஏன் அவ்வளவு முக்கியம்? இராக்கின் ஸவாத் சமவெளி, தஜ்லா, ஃபுராத் நதிகளின் வாய்க்கால்களால் வாழ்ந்த நிலம். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியிலேயே உஸ்மான் இப்னு ஹுனைஃப் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டு அந்த நிலம் முழுவதும் அளக்கப்பட்டது. கராஜ் என்ற நிலவரி, அளந்த பரப்பின் மீது விதிக்கப்பட்டது. அளவின் பெயர் ஜரீப். அறுபது முழத்துக்கு அறுபது முழம், அதாவது 3600 சதுர முழம் கொண்டது ஒரு ஜரீப்.

இப்போது ஒரு விவசாயியை நினைத்துப் பாருங்கள். அவருடைய நிலம் முப்பது முழத்துக்கு முப்பது முழம். அறுபதில் பாதி முப்பது, ஆகவே இது அரை ஜரீப் என்று வரி வாங்குபவர் எழுதிக் கொண்டால், அந்த விவசாயி செலுத்த வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு செலுத்துவார். முப்பதுக்கு முப்பது 900. அது கால் ஜரீப்தான். டைல்ஸ் கணக்கில் பிள்ளை செய்யும் அதே தவறு, அங்கே ஒரு குடும்பத்தின் கோதுமையை எடுத்துவிடும்.

அல்-குவாரிஸ்மியின் அல்-ஜப்ர் வல்-முகாபலா நூல் இப்படிப்பட்ட மனிதர்களுக்காக எழுதப்பட்டது. அல்லாஹ்வைப் புகழ்ந்து தொடங்கும் அதன் முன்னுரையிலேயே அவர் தம் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பாகம் பிரித்தல், வழக்கு, வியாபாரம், நிலம் அளத்தல், வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்கை எளிதாகவும் சுருக்கமாகவும் தருவதே அந்த நோக்கம். அப்படி ஒரு நூலை எழுதத் தம்மை ஊக்கப்படுத்தியவர் மஃமூன் என்றும் குறிப்பிடுகிறார். இன்று அல்ஜீப்ரா என்றாலே பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெயர் பிறந்த நூலோ சந்தைக்கும் வயலுக்கும் காழியின் அவைக்கும் எழுதப்பட்டது.

ஜப்ர் என்றால் குறைந்ததைச் சேர்த்து நிறைவாக்குவது. முகாபலா என்றால் இருபுறமும் இருப்பதை எதிரெதிரே வைத்துச் சமன் செய்வது. நூலில் இன்று நாம் எழுதும் எக்ஸ், ஒய் எதுவும் கிடையாது. கூட்டல் குறிகூட இல்லை. எண்களையும் எழுத்திலேயே எழுதினார். எல்லாம் பேச்சு நடையில் இருப்பதால், வாசிப்பவர் மனதில் உருவத்தைக் கற்பனை செய்தே ஆக வேண்டும்.

நூலுக்கு மூன்று பகுதிகள். முதலாவது சமன்பாடுகள். இரண்டாவது மிஸாஹா என்ற அளவைப் பாடம். மூன்றாவது, எல்லாவற்றிலும் நீளமானது, வஸிய்யத்தும் வாரிசுரிமையும்.

நடுவில் உள்ள மிஸாஹா பாடத்துக்கு வருவோம். சூத்திரம் அங்கே முதலில் வருவதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்றால் என்ன என்பதை அவர் முதலில் விளக்குகிறார். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், மூலைகள் எல்லாம் சமம்: இந்தத் துண்டின் பரப்பு ஒன்று. பக்கத்துக்கு இரண்டு முழமானால், அது அந்தத் துண்டைப் போல் நான்கு. மூன்று முழமானால் ஒன்பது. பிறகு உடனே கீழே இறங்குகிறார். பக்கத்துக்கு அரை முழமானால் அது ஒன்றில் கால். பெரிதாகப் போகும்போது தவறாத பிள்ளை, பின்னத்தில் தவறும் என்பதை அறிந்தவர் எழுதிய வரிசை இது.

இதை நம் வீட்டில் செய்ய ஒரு சாக்பீஸ் போதும். தரையில் ஓர் அடிக்கு ஓர் அடி கட்டம் ஒன்று போடச் சொல்லுங்கள். அதற்குப் பெயர் சதுர அடி. பிள்ளை அதில் நின்று பார்க்கட்டும். பிறகு மூன்று சதுர அடி போடச் சொல்லுங்கள், அடுத்து மூன்று அடி சதுரம் போடச் சொல்லுங்கள். தமிழில் இரண்டு சொற்களை இடம் மாற்றினால் மூன்று ஒன்பதாகிவிடுகிறது. கொத்தனாரிடமும் டைல்ஸ் கடையிலும் இந்த இரண்டையும் குழப்பிக் காசு இழந்தவர்கள் நமக்குள் உண்டு. பன்னிரண்டுக்குப் பத்து அடி அறை 120 சதுர அடி. ஓரடி டைல்ஸ் என்றால் 120 வேண்டும். இரண்டடி டைல்ஸ் என்றால் அறுபது அல்ல, முப்பது. பிள்ளை நோட்டில் கட்டம் போட்டு எண்ணிப் பார்த்துவிட்டால், இது பிறகு மறக்காது.

முஸல்லா இன்னும் நல்ல கணக்கு. நான்கடி நீளம், இரண்டடி அகலம், பரப்பு எட்டு சதுர அடி. கிப்லா பக்கமாக 24 அடியும் குறுக்கே 40 அடியும் உள்ள ஒரு தொழுகைக் கூடத்தில் எத்தனை விரிக்கலாம்? பரப்பு 960. எட்டால் வகுத்தால் 120. வரிசையாக எண்ணினாலும் அதுதான்: ஒரு ஸஃப்பில் இருபது, மொத்தம் ஆறு ஸஃப்பு. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேருவதைப் பிள்ளை பார்க்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அத்தோடு விட்டுவிடாதீர்கள். கூடம் 25 அடிக்கு 42 அடி என்று மாற்றிக் கொடுங்கள். பரப்பு 1050. எட்டால் வகுத்தால் 131 வந்து மிச்சமும் இருக்கும். ஆனால் விரித்துப் பார்த்தால் ஒரு ஸஃப்புக்கு 21 வீதம் ஆறு ஸஃப்பு, 126தான். மீதி ஐந்து பேர் எங்கே? கடைசியில் 42 அடி நீளத்துக்கு ஓரடி அகலப் பட்டை ஒன்று மிஞ்சுகிறது. இடம் இருக்கிறது, ஆனால் அதில் யாரும் ஸஜ்தா செய்ய முடியாது. பரப்பளவு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல இடம் நமக்குத் தெரியவில்லை.

அல்-குவாரிஸ்மியும் ஒரு உருவத்தோடு நிற்கவில்லை. நாற்கரங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். எட்டு முழ நீளமும் ஆறு முழ அகலமும் உள்ள செவ்வகம் 48. அடுத்து நான்கு பக்கமும் ஐந்து முழம் உள்ள, ஆனால் சாய்ந்து நிற்கும் ஓர் உருவம், பலகார வில்லை போல. அதன் மூலைக்கு மூலை அளந்தால் ஒன்று எட்டு, ஒன்று ஆறு. அதன் பரப்பு 24. முன் சொன்ன செவ்வகத்துக்குள் இந்த வில்லையை வரைந்து பார்த்தால் சரியாகப் பாதி இடத்தை அடைக்கிறது. மூலைகள் நேராக நின்றிருந்தால் ஐந்துக்கு ஐந்து 25 கிடைத்திருக்கும். சாய்ந்ததால் ஒன்று குறைந்தது. இதற்கும் கோணல் மாணலான மற்ற நிலங்களுக்கும், குறுக்கே கோடு போட்டு முக்கோணங்களாக்கி அளக்கச் சொல்கிறார்.

நம் ஊர்ப் பத்திரங்களில் வடபுறம் கிழமேலடி இவ்வளவு, தென்புறம் கிழமேலடி இவ்வளவு, தென்வடலடி இருபுறமும் இவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்கிவிடுவது பழைய வழக்கம். மூலை நேராக இருந்தால் சரி. மூலை சாய்ந்திருந்தால் அந்தக் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும். விற்பவருக்கு லாபம், வாங்குபவருக்கு நஷ்டம்.

எல்லையை வைத்து இடத்தை மதிப்பிடுவது இன்னொரு தவறு. வேலி நீளம் ஒன்றாக இருந்தால் இடமும் ஒன்றுதான் என்று பலரும் நம்புகிறார்கள். அல்-குவாரிஸ்மியின் முதல் பகுதியில் ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுரத்தோடு 21ஐச் சேர்த்தால், அதன் பக்கத்தைப் போல் பத்து மடங்கு ஆகிறது. பக்கம் என்ன? இதை நிலமாக மாற்றிச் சொன்னால், நீளமும் அகலமும் சேர்ந்து பத்து, பரப்பு 21. விடை மூன்றும் ஏழும். இரண்டுமே விடைதான் என்று அவர் காட்டுகிறார். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறார். பத்தில் பாதி ஐந்து, ஐந்துக்கு ஐந்து 25. கேட்கிற எண் 25ஐத் தாண்டினால் அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது.

ஏன் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். இருபது தீக்குச்சி கொடுங்கள். ஒன்றுக்கு ஒன்பது வைத்தால் உள்ளே ஒன்பது கட்டம். இரண்டுக்கு எட்டு பதினாறு. மூன்றுக்கு ஏழு 21. நான்குக்கு ஆறு 24. ஐந்துக்கு ஐந்து 25. அதற்கு மேல் எப்படி வைத்தாலும் ஏறாது. குச்சி இருபதுதான், இடம் மட்டும் ஒன்பதிலிருந்து இருபத்தைந்து வரை மாறுகிறது. பெரியவர்களுக்கு இதையே காசாகச் சொல்லலாம். சுற்றி 200 அடி வேலி உள்ள மனை, ஐம்பதுக்கு ஐம்பது என்றால் 2500 சதுர அடி. எழுபதுக்கு முப்பது என்றால் 2100. தொண்ணூறுக்குப் பத்து என்றால் வெறும் 900. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. முதலாவதற்கும் கடைசிக்கும் மூன்றரை சென்ட்டுக்கும் மேல் வித்தியாசம். சுற்றி நடந்து பார்த்து முன்பணம் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற கணக்குக்கும் அடிப்படை செவ்வகம்தான். ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தைப் போல் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. இதை இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சூத்திரம் போட்டுச் செய்கிறது. அவர் இடத்தை ஒட்டிச் செய்தார். சதுரத்தை வைத்தார். பத்தை இரண்டாகப் பிரித்து, ஐந்து முழ நீளச் செவ்வகம் இரண்டை அந்தச் சதுரத்தின் இரண்டு பக்கங்களில் ஒட்டினார். இவை மூன்றும் சேர்ந்து 39. இப்போது மூலையில் ஒரு இடம் காலியாக நிற்கிறது. அது ஐந்துக்கு ஐந்து, 25. அதையும் நிரப்பினால் முழு உருவமும் ஒரு பெரிய சதுரம், பரப்பு 64. ஆகவே பெரிய பக்கம் எட்டு. ஒட்டிய ஐந்தைக் கழித்தால் மூன்று. சரி பார்க்கலாம்: மூன்றின் சதுரம் ஒன்பது, பத்து மடங்கு முப்பது, மொத்தம் 39.

கட்டம் போட்ட நோட்டில் மூன்றுக்கு மூன்று ஒரு துண்டு, ஐந்துக்கு மூன்று இரண்டு துண்டு வெட்டி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்து ஒரு சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். முடியாது. ஒரு மூலை குறையும். எவ்வளவு குறைகிறது என்று அது எண்ணிச் சொல்லும்போது, பத்தாம் வகுப்பில் வரப்போகிற பாடத்தின் பாதியை அது கைகளால் செய்து முடித்திருக்கும். வர்க்க நிறைவு என்ற பெயரை அப்போது சொல்ல வேண்டியதில்லை.

வட்டத்துக்கு அவர் மூன்று வழிகள் தருகிறார். விட்டத்தை மூன்று மற்றும் ஏழில் ஒன்றால் பெருக்குவது ஒன்று. பத்தின் வர்க்கமூலத்தால் பெருக்குவது மற்றொன்று. மூன்றாவது, விட்டத்தை 62832ஆல் பெருக்கி 20000ஆல் வகுப்பது. இந்த எண் 499இல் ஆரியபட்டர் எழுதிய அதே எண். இந்தியாவில் இருந்து பக்தாத் போன அறிவில் இதுவும் ஒன்று. ஒன்று முதல் ஒன்பது வரையும் சுழியமும் கொண்ட இந்திய எண்முறையை விளக்கி அவர் தனியாக ஒரு நூலே எழுதினார். அதன் அரபு மூலம் இன்று இல்லை. லத்தீன் வடிவம்தான் மிஞ்சியது. அந்த லத்தீன் ஏட்டில் அவர் பெயர் அல்கோரித்மி என்று திரிந்தது. நம் பிள்ளைகள் கம்ப்யூட்டர் வகுப்பில் படிக்கும் அல்காரிதம் என்ற சொல்லுக்குள் இருப்பது ஒரு முஸ்லிம் அறிஞரின் ஊர்ப் பெயர்.

வானியல் அட்டவணைகள் தயாரித்தார். தாலமியின் நூலைத் திருத்தி, 2400க்கும் மேற்பட்ட இடங்களின் அமைவிடங்களைக் கொண்ட பூகோள நூலை எழுதினார். யூதர்களின் நாட்காட்டி பற்றியும் ஒரு சிறு நூல் உண்டு. சுமார் 850இல் அவர் மறைந்தார். அவர் பிறந்து 1200 ஆண்டுகள் ஆனதாகக் கணக்கிட்டு, 1983இல் சோவியத் நாடு அவர் உருவத்தோடு அஞ்சல் தலை வெளியிட்டது.

1145இல் ராபர்ட் என்ற ஆங்கிலேயர் ஸ்பெயினில் இருந்துகொண்டு அல்-ஜப்ர் நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். அதே நூற்றாண்டில் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டும் மொழிபெயர்த்தார். ஆனால் இருவரும் முதல் பகுதியை மட்டுமே எடுத்துக் கொண்டார்கள். நிலம் அளப்பதும் வாரிசுரிமையும் லத்தீனுக்குப் போகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த, 1342இல் நகலெடுக்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை வைத்து, 1831இல் ரோசன் என்பவர் லண்டனில் அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் வெளியிட்டபோதுதான் அந்தப் பகுதிகளும் ஐரோப்பாவில் அச்சேறின. இஸ்லாமிய வாரிசுரிமை அவர்களுக்குத் தேவைப்படவில்லை, விட்டுவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது தேவைப்படுகிற நாம் விட்டதுதான் உறுத்துகிறது.

மூன்றாம் பகுதியின் கணக்குகள் வீட்டுக்குள் நடப்பவை. ஒருவர் இரண்டு மகன்களை விட்டுவிட்டு இறக்கிறார். சொத்தில் மூன்றில் ஒரு பங்கை வெளியார் ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறார். ரொக்கமாக இருப்பது பத்து திர்ஹம். மகன்களில் ஒருவர் தந்தைக்குப் பத்து திர்ஹம் கடன்பட்டிருக்கிறார். கடன்பட்ட மகனின் பங்கை அந்தக் கடனிலேயே கழித்துக் கொள்ள வேண்டும். எவ்வளவு கழிக்கலாம் என்பதுதான் தெரியாத பொருள். கணக்கை முடித்தால் ஆளுக்கு ஐந்து வருகிறது. ரொக்கத்தில் ஐந்து வெளியாருக்கு, ஐந்து மற்ற மகனுக்கு. கடன்பட்டவர் தம் ஐந்தை ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். சமன்பாடு என்ற கருவியை, அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்க அவர் பயன்படுத்தினார்.

நம் குடும்பங்களில் சண்டை பெரும்பாலும் மனையில் வருகிறது. சூரா அன்னிஸாவில் பங்குகள் தெளிவாக இருக்கின்றன. எட்டில் ஒன்று, ஆணுக்குப் பெண்ணைப் போல் இரு மடங்கு என்று ஓதத் தெரிந்தவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பங்கைத் தரையில் அடியாகவும் அங்குலமாகவும் காட்டச் சொன்னால் கை நிற்கிறது. அந்த நிற்கிற இடத்தில்தான், சகோதரிகளுக்குக் கல்யாணத்தில் சீர் செய்துவிட்டோம், இனி எதற்கு என்ற பேச்சு நுழைகிறது. சீர் வேறு, மீராஸ் வேறு. நகை போட்டதால் பங்கு தீர்ந்து போகாது.

ஒரு கணக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்து போட்டுப் பார்ப்போம். மனை தென்வடலடி 40, கிழமேலடி 60, மொத்தம் 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்ட். ரோடு 60 அடிப் பக்கத்தில் இருக்கிறது. இறந்தவருக்கு மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள். பெற்றோர் உயிருடன் இல்லை. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் எல்லாம் தீர்ந்துவிட்டன. மனைவிக்கு எட்டில் ஒன்று 300 சதுர அடி. மீதி 2100. மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொன்று, ஆக நான்கு பங்கு. ஒரு பங்கு 525. மகனுக்கு 1050.

கட்ட நோட்டில் ஒரு கட்டத்தை ஓர் அடியாக வைத்து, தேவைப்பட்டால் தாள்களை ஒட்டி, நாற்பதுக்கு அறுபது செவ்வகம் வரையச் சொல்லுங்கள். எல்லாருக்கும் ரோடு கிடைக்க வேண்டும், ஆகவே ஒவ்வொருவர் பட்டையும் 40 அடி ஆழம். பரப்பு தெரியும், ஒரு பக்கம் தெரியும், மற்றப் பக்கம் எவ்வளவு? இதுவரை பெருக்கி வந்த பிள்ளை இப்போது வகுக்க வேண்டும். மனைவிக்கு 7 அடி 6 அங்குலம். மகனுக்கு 26 அடி 3 அங்குலம். மகள் ஒவ்வொருவருக்கும் 13 அடி ஒன்றரை அங்குலம். நான்கையும் கூட்டினால் 60 அடி. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு நிறம் பூசட்டும்.

ஏழரை அடி அகலத்தில் உம்மா எப்படி வீடு கட்டுவார்கள் என்று பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி. கட்ட முடியாது. அதனால்தான் எல்லாரும் சம்மதித்து ஒருவர் பங்கை மற்றவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது வழக்கத்தில் இருக்கிறது. அப்படி வாங்கும்போது உம்மாவின் கையில் தர வேண்டிய தொகை என்ன என்பதற்கு, 300 சதுர அடியை அன்றைய சதுர அடி விலையால் பெருக்க வேண்டும். இரண்டு மகள்களுக்கும் தனித்தனியே 525ஐப் பெருக்க வேண்டும். அந்த மூன்று பெருக்கலையும் பிள்ளையே போடட்டும், பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரி பார்க்கட்டும்.